உருவாக்கியவர் தெரியவில்லை

எனக்குக் கோபம் வரும். சட்டென்று வரும், வந்தால் தெருவுக்கே கேட்கும். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் போய் மெரின் வீடு எது என்று கேட்டால், "அந்த டிராயிங் டீச்சரா? வாயாச்சே அது!" என்று சொல்லிவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்தது நியாயமான கோபம்.

அண்ணன் ஜோசப் ஆனந்த் தன் பிரஸ்ஸிலிருந்து ஓடி வந்தான். கல்யாணப் பத்திரிகையும் ஞானஸ்நான அட்டையும் அடித்துக்கொண்டிருந்தவன், இரண்டு வருஷமாகப் பலகை விளையாட்டுகளைப் பெட்டி போட்டு விற்கிறான். அவன் வெளியிட்ட 'கரைவலை' என்ற விளையாட்டுக்கு விருது கிடைத்திருக்கிறதாம். தென்னிந்தியப் பலகை விளையாட்டுக்காரர்கள் சேர்ந்து வருஷா வருஷம் கொடுக்கிற விருது. இந்த முறை விழாவே புதுச்சேரியில்தான்.

"மெரின், நம்ம கேம் ஜெயிச்சிடுச்சு! கேக் சொல்லிடவா?" என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

வாங்கிப் படித்தேன். பிரிவு: மீட்டெடுக்கப்பட்ட மரபு விளையாட்டு. வெளியீடு: ஜோசப் ஆனந்த். ஓவியம்: மெரின். அதற்குக் கீழே ஒரு வரி. உருவாக்கியவர்: தெரியவில்லை.

"தெரியலையா?" என்றேன். "யாருக்குடா தெரியல? போன வாரம் நம்ம வீட்ல உக்காந்து பிரியாணி தின்னுட்டு, ஊறுகாய் பாட்டிலையும் தூக்கிட்டுப் போனாளே, அவ யாரு? ஆவியா?"

"நான் என்ன பண்ணட்டும்? பெட்டியில இருக்கறதப் பாத்துதான போட்டிருக்காங்க" என்றான் அண்ணன். குரல் இறங்கிவிட்டது. கேக் பேச்சு அத்தோடு நின்றது.

கரைவலையை உருவாக்கியவள் ஜெயசித்ரா. வீராம்பட்டினத்துக்காரி. என்னோடு காலேஜில் படித்தவள். துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். அவள் அம்மா பச்சையம்மாள் தவளக்குப்பம் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். சித்ரா ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டு, புளியங்கொட்டையை மீனாக வைத்து ஆட்டத்தை ஆரம்பித்தாள். மூன்று வருஷம் அதையே மாற்றி மாற்றி ஆடினோம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து வந்ததும் என் வேலை, அவள் சொன்ன இடத்தில் உட்கார்ந்து தோற்பதுதான்.

கடலில் வலை போட்டு, கரையில் நின்று பல பேர் கயிறு பிடித்து இழுப்பதுதான் கரைவலை. ஆட்டமும் அதுதான். ஒருவர் வலைக்காரர். வலை கடலில் இருக்கும்போது மற்றவர்கள் கயிற்றில் ஆளுக்கொரு நிறத்தில் மர ஆணியைச் செருகலாம். செருகினால் இழுக்கக் கை கொடுத்ததாக அர்த்தம், அவர்களுக்குப் பங்கு உண்டு. யார் யார் செருகினார்கள் என்பது ஒரு கணம்தான் கண்ணில் படும். உடனே கயிற்றின்மேல் துண்டு விழுந்துவிடும், முந்தின சுற்று மீனுக்கு ஏலம் ஆரம்பித்துவிடும், ஆளாளுக்குக் கத்துவார்கள். வலை கரையேறியதும் வலைக்காரர், கை கொடுத்தவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பங்கு கொடுக்க வேண்டும். ஒரு பேர் விட்டுப்போனாலும் தொலைந்தார். விட்டுப்போனவர் "பங்கு உட்டுட்ட!" என்று கத்தினால் வலையில் வந்த மொத்தமும் அவருக்குத்தான்.

இந்தச் சட்டத்தில் பச்சையம்மாள் ஒரு ஓட்டை கண்டுபிடித்தாள். மகள் தோற்கிற மாதிரி இருந்தால், தான் வலைக்காரியாக இருக்கும்போது வேண்டுமென்றே மகள் பேரை மறந்துவிடுவாள். வஞ்சிரமும் கொடுவாவும் மொத்தமாக மகள் மடியில் போய் விழும். நான் குதித்தேன், இது கள்ளாட்டம் என்று. சித்ரா சிரித்தாள். "இருக்கட்டும் டி. மறந்து உட்டா தண்டன. வேணும்னே உட்டா அது குடுக்கறது. ரெண்டும் ஆட்டத்துல இருக்கட்டும்" என்றாள். அவள் மட்டும் ஒருநாளும் யார் பேரையும் விட்டதில்லை. எட்டுப் பேர் கயிற்றில் கை வைத்தாலும் எட்டுப் பேரையும் கடகடவென்று சொல்லிவிடுவாள்.

பெட்டி அச்சான வாரம் நான் காரைக்காலில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். அங்கேதான் வினை. உருவாக்கியவர் என்ற இடத்தில் என்ன போடுவது என்று அண்ணன் சித்ராவைக் கேட்டிருக்கிறான். அவள் கொஞ்சமும் யோசிக்காமல், "இவண் ஊர் பொதுமக்கள், வீராம்பட்டினம்னு போட்டுடுங்கண்ணே" என்றாளாம். அவர்கள் ஊரில் எல்லாமே அப்படித்தான். தேர்த் திருவிழா நோட்டீஸா, இவண் ஊர் பொதுமக்கள். கருமாதி பேனரா, இவண் ஊர் பொதுமக்கள். பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தாலும் அதன் இறக்கையில் ஊர் பொதுமக்கள். தனி ஆள் பேரைப் போட்டால், "இன்னா, பெரிய இவளா நீ?" என்று கேட்டுவிடுவார்களாம். அண்ணனும் கேட்டதைக் கேட்டபடி அடித்துவிட்டான். கல்யாணப் பத்திரிகை அடித்தே பழகியவன், சொன்னதைத் தாண்டி ஒரு எழுத்தும் போடமாட்டான்.

நான் திரும்பி வந்து பெட்டியைப் பார்த்துக் கத்தியதும், "விடு டி, ஆடறவங்களுக்கு ஆட்டம் தெரிஞ்சா போதாதா" என்று சித்ரா என் வாயை அடைத்துவிட்டாள். விருதுக்காரர்கள் பெட்டியைப் பார்த்தார்கள். ஒரு ஊரே உருவாக்கியிருக்கிறது என்றால் அது காலங்காலமாக ஆடிவந்த விளையாட்டாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார்கள். மரபு விளையாட்டை யார் உருவாக்கினார்கள் என்று யாருக்குத் தெரியும்? தெரியவில்லை என்று போட்டுவிட்டார்கள்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஐஸ் கம்பெனிக்குப் போனேன். ஐஸ் உடைக்கிற மெஷின் சத்தத்தில் நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. போனைக் காட்டினேன். சித்ரா படித்தாள், திருப்பிக் கொடுத்தாள், "சரி, போவட்டும்" என்றாள். மறுபடி கணக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு வண்டிக்கு ரசீது போட்டாள். அப்புறம் எழுந்து வெளியே வந்து, தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் நின்று அழுதாள்.

"ஊர் பேரப் போட்டிருந்தாகூட மனசு ஆறியிருக்கும் டி. தெரியலன்னு போட்டிருக்காங்க. நான் என்ன செத்தா பூட்டேன்?"

"நீதான் போடச் சொன்ன, எருமை."

"ஆமா, சொன்னேன். அப்ப தெரியல. இப்ப எனக்கு என் பேரு வேணும், மெரின். வாயத் தொறந்து கேக்க வெக்கமா இருக்குது. ஆனா வேணும்."

இதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தனக்கென்று ஒரு டீ கூடக் கேட்டு வாங்கிக் குடிக்க மாட்டாள். அங்கேயே நின்று விருதுக் குழுவில் இருக்கும் மேனகா என்ற அம்மாளுக்குப் போன் போட்டேன். நன்றாகத் திட்ட வேண்டும் என்று வரிசையாக மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்.

"மேடம், நீங்க சொல்றத நம்பி பெட்டியில இருக்கற ஊர் பேர விட்டுட்டு நான் ஒரு ஆள் பேரப் போடறேன். நாளைக்கு அந்த ஊர்க்காரங்க வந்து, எங்க ஆட்டத்த எவளோ திருடிட்டான்னு சொன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது? இது எங்க ஊரு ஆட்டம் இல்ல, இவங்க செஞ்சதுன்னு ஊர் சார்பா ஒருத்தர் எங்கிட்ட பேசட்டும். உடனே மாத்திடறேன். மரபுப் பிரிவிலேர்ந்து எடுத்து, புது விளையாட்டுப் பிரிவிலயே வச்சுடலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள பேசச் சொல்லுங்க, ஷீல்டுல பேர் பொறிக்கணும்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதனால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது.

சாயங்காலமே வீராம்பட்டினம் போனோம். ஊருக்குள் நுழையும் இடத்திலேயே ஒரு ஃபிளெக்ஸ் பேனர். "எமது கிராமத்தின் பழம்பெரும் விளையாட்டிற்கு விருது!" நடுவில் பஞ்சாயத்துத் தலைவர் உத்திராபதி வெள்ளைச் சட்டையில் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். கீழே, இவண் ஊர் பொதுமக்கள். ஓரத்தில் ஃபிளெக்ஸ் அடித்த கடையின் பேரும் போன் நம்பரும். சித்ரா பேர் எங்கும் இல்லை.

"பேனர் அடிச்சவன் பேருகூட இருக்குது பாரு" என்றேன். சித்ரா, வண்டியை எடு என்று என் முதுகில் தட்டினாள்.

அம்மன் கோயில் பக்கத்து மண்டபத்தில் உத்திராபதியும் பஞ்சாயத்துக்காரர்கள் இரண்டு பேரும், கண்ணையனும் அம்மாவாசையும், உட்கார்ந்திருந்தார்கள். பச்சையம்மாள் மார்க்கெட்டிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டாள், மீன் கூடையோடு. நான் விஷயத்தைச் சொன்னேன். உத்திராபதி கெட்டவர் இல்லை. உட்கார வைத்து, கலர் வாங்கிக் கொடுத்து, சிரித்துக்கொண்டேதான் முடியாது என்றார்.

"ஊருக்கு வந்த பேரு பாப்பா இது. ஊரே எழுந்து நின்னு, எங்குளுது இல்லன்னு சொல்லணுமா? நல்லா இருக்குதே! சித்ரா யாரு? நம்ம ஊட்டுப் பொண்ணு. ஊருக்கு வந்தா அவளுக்கு வந்த மாதிரிதான்."

"அப்ப அவளுக்கு வந்தா ஊருக்கு வந்த மாதிரி இல்லியா?"

"நீ டவுன் பொண்ணு. ஒனக்கு ஊர்க் கட்டுப்பாடு தெரியாது."

"ஊர்ல எத்தினியோ பேரு ஊருக்காக ஒழைச்சிருக்கான்" என்றார் கண்ணையன். "எல்லாரும் பேரு கேட்டா பேனர் பத்துமா?"

"அதுவுமில்லாம" என்று உத்திராபதி நிமிர்ந்து உட்கார்ந்தார், "கயிறு, வலை, பங்கு, இதெல்லாம் எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்கறதுதான? இவ புதுசா என்னாத்த கண்டுபுடிச்சா?"

என் காது சூடானது. சித்ரா என் தொடையைக் கிள்ளினாள், சும்மா இரு என்று. நான் எந்தக் காலத்தில் சும்மா இருந்தேன்? பையிலிருந்து பெட்டியை எடுத்து நடுவில் வைத்தேன்.

"தாத்தா காலத்து ஆட்டம்னா ஒங்களுக்கு ஆடத் தெரிஞ்சிருக்கணும். ஆடுங்க பாக்கலாம்."

"ஆடுனா போச்சு" என்றார். ஊர்த் தலைவர், பின்வாங்க முடியுமா? சட்டை கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், "மொதல்ல என்னா பண்ணணும்?" என்று சித்ராவைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பச்சையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சித்ரா பொறுமையாக எல்லாச் சட்டத்தையும் சொன்னாள், பேர் விட்டால் மொத்தமும் போகும் என்பதையும் சேர்த்து. உத்திராபதி காதில் வாங்காமல் தலையாட்டினார்.

ஆனால் ஏலம் ஆரம்பித்ததும் மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. கண்ணையன் ஒரு விலை கத்த, அம்மாவாசை ஒன்று கத்த, பச்சையம்மாள் இருவரையும் அமுக்கிக் கத்த, மண்டபத்துக்கு வெளியே ஆட்கள் கூடிவிட்டார்கள். உத்திராபதி வலைக்காரராக இருந்த சுற்றில் அள்ளிக்கொண்டு வந்தது. ஆறு வஞ்சிரம், ஒரு பெரிய கொடுவா. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நிஜமாகவே கரையில் நிற்கிற மாதிரி எழுந்து நின்றுகொண்டு பங்கு பிரித்தார்.

"கண்ணையா, இந்தா. அம்மாவாச, புடி. பச்ச, ஒனக்கு வஞ்சிரம், வித்துக்க. டீச்சரம்மா, நீங்களும்தான் இழுத்தீங்க, இந்தாங்க. மிச்சம் வலைக்கு." மீதி மீன் அட்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பங்கு உட்டுட்டீங்க பெரியப்பா" என்றாள் சித்ரா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அம்மாவாசை துண்டைத் தூக்கிப் பார்த்தார். கயிற்றின் முதல் ஆணியே சித்ராவுடையதுதான்.

"நீ எப்ப புடிச்ச?"

"மொதல்லயே புடிச்சேன்."

நான் எல்லோரிடமிருந்தும் அட்டைகளை வாங்கி, மொத்தத்தையும் சித்ரா முன்னால் வைத்தேன். உத்திராபதிக்கு வந்ததே கோபம்! "இன்னா அநியாயம் இது? ஒரே ஒரு பேரு உட்டதுக்கு மொத்தமுமா? எந்தக் கரையில இப்பிடி ஒரு சட்டம் இருக்குது? நம்ம ஊர்ல பேரு உட்டா சண்ட போடுவான், கூட ரெண்டு மீனு குடுத்தா போயிடுவான். மொத்தத்தையும் எவனாவது குடுப்பானா?"

"அப்ப இந்தச் சட்டம் ஒங்க ஊர்ல இல்ல" என்றேன்.

"எங்க தாத்தா காலத்துலயும் இல்ல, அவங்க தாத்தா காலத்துலயும் இல்ல!" என்றவர், சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோசித்தார்.

பச்சையம்மாள் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எம்பொண்ணு வச்ச சட்டம்ண்ணே அது. ஏன் வச்சான்னு கேளு. அவுங்க அப்பா செத்துப்போன வருசம், கரைவலக் கயித்துல நானும் நின்னு இழுத்தேன். கையெல்லாம் கொப்புளம். பங்கு பிரிக்கறப்ப எல்லார் பேரும் கூப்புட்டாங்க, என்னத் தவுர. வாயத் தொறக்காம வூட்டுக்கு வந்து அடுப்புகிட்ட உக்காந்து அழுதேன். இவ பாத்துக்கினே இருந்தா. அன்னிக்குப் பங்கு பிரிச்சது யாரு தெரியுமா? நீதாண்ணே."

அம்மாவாசை கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கும் உட்ட, இன்னிக்கும் உட்ட" என்றாள் பச்சையம்மாள். "இனிமேலாவது உடாத."

உத்திராபதி கொஞ்ச நேரம் மர ஆணியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு நெனப்பே இல்ல, பச்ச" என்றார். பொய் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "அந்த அம்மாவுக்குப் போன் போடு."

வீடியோவில் மேனகா வந்ததும், பேனரில் இருக்கிற மாதிரியே கும்பிட்டார். "வணக்கம்மா. நான் வீராம்பட்டினம் பஞ்சாயத்துத் தலைவர் பேசறேன். இது எங்க ஊரு ஆட்டம் இல்ல. எங்க ஊருப் பொண்ணு செஞ்ச ஆட்டம். பேரு ஜெயசித்ரா. பச்சையம்மாள் மகள் ஜெயசித்ரான்னு முழுசா எழுதிக்கங்க." ஒரு கணம் யோசித்தவர், "எடம் இருந்தா ஊர் பேரையும் ஓரமா போட்டுக்கங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

விழா அடுத்த மாதம், பீச் ரோட்டில் மேரி என்கிற நகராட்சிக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்தது. பெங்களூரு, கொச்சி, சென்னை என்று எங்கிருந்தெல்லாமோ விளையாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். பாதிப் பேர் கரைவலை ஆடியவர்கள். வீராம்பட்டினத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். உத்திராபதி அதே வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். ஊர் பேனரிலும் இப்போது நடுவில் சித்ரா போட்டோதான், ஓரத்தில் நின்று கும்பிடுவது மட்டும் அவர். நான் முன் வரிசையில் பச்சையம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காலையிலேயே அம்மாவின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

"இந்த ஆண்டின் சிறந்த புது விளையாட்டு, கரைவலை. உருவாக்கியவர், வீராம்பட்டினம் பச்சையம்மாள் மகள் ஜெயசித்ரா." பேரைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. வந்ததை ஏன் மறைக்க வேண்டும்? மூக்கைச் சிந்தினேன்.

சித்ரா ஷீல்டை வாங்கிக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். "எனக்குப் பேசத் தெரியாது. பங்குதான் பிரிக்கத் தெரியும். பிரிச்சுடறேன்" என்றாள். ஆடியவர்கள் கைதட்டினார்கள்.

அம்மா பேரைச் சொன்னாள். உத்திராபதி பெரியப்பா, கண்ணையன், அம்மாவாசை. ஜோசப் ஆனந்த் அண்ணன். மேனகா மேடம். ஐஸ் கம்பெனியில் லீவு கொடுத்த முதலாளி. மர ஆணி கடைந்து கொடுத்த தச்சர். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சோறு போட்ட என் அம்மா இருதயமேரி. பிரஸ்ஸில் அட்டை வெட்டியவர். ஒவ்வொரு பேராகச் சொன்னாள். நான் இப்போது வரும், இப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். "அவ்ளோதான்" என்று மைக்கை விட்டு நகர்ந்தாள்.

எனக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை ஏறியது. மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் உட்கார்ந்து தோற்றது யார்? நூற்றுச் சொச்சம் மீனுக்குச் செதில் செதிலாக வரைந்தது யார்? ஊர் மண்டபத்தில் தொண்டை கிழியக் கத்தியது யார்? அட்டை வெட்டியவர் வரைக்கும் ஞாபகம் இருக்கிறது, நான் இல்லையா? பட்டுப்புடவையோடு எழுந்து நின்றேன்.

"பங்கு உட்டுட்ட டீ!"

ஹால் முழுக்க சிரிப்பு வெடித்தது. "மொத்தமும் அவங்களுக்குத்தான்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். சித்ரா மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தாள். ஷீல்டை என் கையில் வைத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் என்னிக்கு டி பேரு உட்டிருக்கேன்?" என்றாள்.

பக்கத்தில் பச்சையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வாய் என்று தெருவெல்லாம் பேர் எடுத்தவள் நான், ஷீல்டைக் கட்டிக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தேன்.

ஷீல்டு இப்போது எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில், மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன், ஆட்டச் சட்டம் சட்டம்தான் என்று வாங்க மறுத்துவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் இது யாருடையது என்று கேட்கிறார்கள். வீராம்பட்டினம் பச்சையம்மாள் மகள் ஜெயசித்ரா என்று முழுப்பேரும் சொல்லிவிட்டுத்தான் காபி கொடுக்கிறேன்.